சின்னம் பதித்த முகக்கவசம்: பெருந்தொற்றில் அருங்காட்சியகப் பணியாளர்

2020 மார்ச் 1, ஞாயிற்றுக்கிழமை. பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பிரமிடைச் சுற்றி நுழைவுச்சீட்டோடு நின்ற கூட்டத்துக்கு அன்று கதவு திறக்கவில்லை. உள்ளே ஏறத்தாழ 300 பணியாளர்கள் கூட்டம் போட்டு, வேலையில் இறங்குவதில்லை என்று கிட்டத்தட்ட ஒருமனதாக முடிவெடுத்திருந்தார்கள். உயிருக்கோ உடல்நலத்துக்கோ கடும் ஆபத்து நெருங்கி நிற்கிறது என்று நியாயமாக நம்பும் தொழிலாளி வேலையிடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம் என்கிறது பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டம். அந்தப் பிரிவைத்தான் அவர்கள் கையில் எடுத்தார்கள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. முந்தைய ஆண்டில் மட்டும் லூவ்ருக்கு 96 லட்சம் பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வெளிநாட்டினர். ஒரு வாரம் முன்புதான் லியோனார்டோ டா வின்சியின் 500ஆம் நினைவாண்டுக் கண்காட்சி பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வரவழைத்து முடிந்திருந்தது. இரவலாக வந்த படைப்புகளைத் திருப்பி எடுத்துப்போக, அப்போது கோவிட் தொற்று வேகமாகப் பரவிக்கொண்டிருந்த வட இத்தாலியிலிருந்து ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். நிர்வாகம் கிருமிநாசினி ஜெல் கொடுத்தது. அது போதாது என்றார்கள் பணியாளர்கள். மார்ச் 4 அன்று கதவு திறந்தது. அடுத்த பத்து நாளுக்குள் மறுபடி மூடப்பட்டது. ஜூலை 6 அன்று லூவ்ர் திரும்பவும் திறந்தபோது பார்வையாளர் முகக்கவசம் அணிவது நுழைவு நிபந்தனையாகியிருந்தது.

அந்த நான்கு மாதத்தில் உலகெங்கும் முகக்கவசத்தின் நிலை மாறிவிட்டது. மார்ச்சில் கேட்டாலும் கிடைக்காத பொருள், கோடையில் மீண்டும் திறந்த பல அருங்காட்சியகங்களில் சீருடையின் ஒரு பகுதியாகவே ஆகியிருந்தது. வாசலில் நின்று சீட்டைச் சரிபார்த்தவர், கூடத்தின் மூலையில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தவர், கடையில் பில் போட்டவர் என்று பலருடைய வாய்க்கும் மூக்கிற்கும் மேலே நிறுவனத்தின் சின்னம் வந்து உட்கார்ந்தது. ஒரு நிறுவனம் தன் பெயரை ஒருவரின் மூச்சுக்கு மேல் அச்சிடுகிறது என்றால், அந்த மூச்சுக்குப் பொறுப்பேற்கிறது என்றே பொருள். அந்தப் பொறுப்பு எவ்வளவு தூரம் வந்தது, எங்கே நின்றுவிட்டது என்று தேடிப் பார்க்க இந்தச் சிறு துணியே போதுமான சான்று.

முதலில், சின்னம் பதித்ததை வெறும் விளம்பர ஆசையாகத் தள்ளிவிட முடியாது. பாதி முகம் மறைந்த கூட்டத்தில் யார் பணியாளர், யார் பார்வையாளர் என்று தெரிய வேண்டியிருந்தது. குழந்தையைத் தொலைத்த தாய் ஓடிப்போய்ச் சொல்லவும், தீ எச்சரிக்கை மணி அடித்தால் எந்தப் பக்கம் போவது என்று கேட்கவும் ஓர் ஆள் கண்ணில் பட வேண்டும். மார்பில் தொங்கும் அடையாள அட்டையை ஆறடி தள்ளி நின்று படிக்க இயலாது. முகமோ எவ்வளவு தூரத்திலும் முதலில் தெரிகிற இடம். அதிகாரம் பற்றிய பிரச்சினையும் இருந்தது. அதுவரை சிலையைத் தொடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது மூக்கை மூடுங்கள் என்று முன்பின் தெரியாதவரிடம் சொல்ல வேண்டியவரானார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிறுவனம் நிற்கிறது என்பதை அவர் முகத்தில் இருந்த சின்னம் காட்டியது. அந்த வகையில் அது பணியாளருக்கு உதவியது. ஆனால் முகக்கவசம் போட மறுத்து ஒருவர் கத்தும்போது எதிரே நிற்பது சின்னம் அல்ல, ஒரு மனிதர்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சுவாசப் பாதுகாப்பு என்றால் என்ன என்று அருங்காட்சியகங்களுக்கு நெடுங்காலமாகவே தெரியும். இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களின் சேமிப்பறைகளில் பாடம் செய்த பறவைகளும் விலங்குகளும் அடுக்கடுக்காக இருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருந்தாளுநர் ழான் பத்திஸ்த் பெக்கர் உருவாக்கிய ஆர்சனிக் சோப்பைத் தோலின் உட்புறத்தில் தடவிப் பூச்சி அரிக்காமல் காக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது. உலர்தாவரத் தாள்களில் பாதரச உப்பு பூசினார்கள். வெள்ளத்தில் நனைந்த ஆவணங்களில் பூஞ்சை பிடிக்கும். இவற்றோடு வேலை செய்யும் பாதுகாப்பு வல்லுநர்கள் என்95 வகைச் சுவாசக் கவசம், நைட்ரைல் கையுறை எல்லாம் இல்லாமல் மேசையை நெருங்கமாட்டார்கள். 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டை வடிகட்டுவதால்தான் அந்தக் கவசத்துக்கு அந்தப் பெயர். அமெரிக்காவில் பணியிடத்தில் கட்டாயமாக அதை அணிபவருக்கு அது முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்துகிறதா என்று ஆண்டுதோறும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். முதலாளி செலவிலேயே செய்ய வேண்டும்.

2020 மார்ச்சில் மருத்துவமனைகளில் தட்டுப்பாடு வந்தபோது, அமெரிக்காவின் பல அருங்காட்சியகங்கள் தங்கள் பாதுகாப்புக் கூடங்களில் இருந்த கையுறைகளையும் கவசங்களையும் பெட்டி பெட்டியாக அனுப்பிவைத்தன. மனமார மெச்ச வேண்டிய செயல் அது. மூடிக்கிடந்த கட்டடத்தில் அவற்றுக்கு வேலையும் இல்லை. ஆனால் கோடையில் கதவு திறந்தபோது, ஒரே கட்டடத்துக்குள் இருவேறு அளவுகோல் இருந்தது வெளியே தெரிந்தது. ஆய்வுக்கூடத்தில் நூற்றாண்டு பழைய தூசியிடமிருந்து ஒருவரைக் காக்கச் சோதித்த கவசமும், பயிற்சியும், எழுத்து மூலமான விதிமுறையும் உண்டு. நாளெல்லாம் நூற்றுக்கணக்கானவரோடு ஒரே காற்றைச் சுவாசிப்பவருக்குத் துணி. அவருக்கும் நல்ல கவசத்தை உடனே கொடுத்திருக்க முடியாது என்பது உண்மை. உலகிலேயே அது போதுமான அளவு இல்லை. ஆனால் தட்டுப்பாடு நீங்கிய பிறகும் அளவுகோல் பல இடங்களில் அப்படியே இருந்தது. அதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு நிர்வாகமான ஓஷா, துணி முகமூடிகளைத் தனிநபர் பாதுகாப்பு உபகரணமாகக் கருதவில்லை என்று 2020இல் தெளிவாகவே அறிவித்தது. பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு ஆணையமும் துணி மறைப்பை அப்படித்தான் வகைப்படுத்தியது. பார்ப்பதற்குச் சின்ன வேறுபாடு. ஆனால் பாதுகாப்பு உபகரணம் என்று ஒன்றை வகைப்படுத்தினால் ஆபத்தை மதிப்பிட்டு, பொருத்தமானதை இலவசமாகக் கொடுத்து, பயிற்சி அளித்து, பழுதானால் மாற்றித்தர வேண்டிய கடமை முதலாளிக்கு வந்துவிடுகிறது. வெறும் முகமறைப்பு என்றால் இவற்றில் எதுவும் தானாக வராது. அறிவியல் நோக்கில் இந்த வகைப்பாடு சரிதான்: துணி முதன்மையாக அணிந்தவரின் எச்சில் துளிகள் பிறர் மேல் படாமல் தடுக்கிறது, அணிந்தவரைக் குறைவாகவே காக்கிறது. அப்படியானால் காட்சிக்கூடக் காவலர் தன் முகத்தில் கட்டிக்கொண்டது பார்வையாளருக்கான பாதுகாப்பு. அவருடைய பாதுகாப்போ எதிரே வருகிறவர் முகத்தை ஒழுங்காக மூடியிருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. பணியாளருக்கான ஏற்பாடாகவே அறிமுகமான ஒரு பொருளைப் பற்றிய இந்த உண்மை, பொருளைக் கொடுத்தபோது எத்தனை பேருக்கு எடுத்துச் சொல்லப்பட்டிருக்கும்?

சில அரசுகள் இந்த இடைவெளியை ஓரளவு அடைத்தன. நியூயார்க் மாநில ஆளுநர் 2020 ஏப்ரலில் பிறப்பித்த ஆணை, பொதுமக்களை நேரில் சந்திக்கும் ஊழியருக்கு முகமறைப்பை முதலாளியே தன் செலவில் கொடுக்க வேண்டும் என்றது. ஏப்ரல் 15 முதல் அது அத்தியாவசியத் தொழில்களுக்கு நடைமுறைக்கு வந்தது. ஆகஸ்ட் 24 முதல் நியூயார்க் நகரின் அருங்காட்சியகங்கள் கால்வாசிக் கொள்ளளவோடு திறக்க அனுமதி கிடைத்தபோதும் இதே நிபந்தனை இருந்தது. இங்கிலாந்தில் வரிசை வேறு மாதிரி. கடைக்கு வருகிறவர்களுக்கு ஜூலை 24 அன்றும், அருங்காட்சியகப் பார்வையாளருக்கு ஆகஸ்ட் 8 அன்றும் முகமறைப்பு சட்டப்படி கட்டாயமானது. கடை ஊழியர்களுக்கு அந்தக் கட்டாயம் வந்தது செப்டம்பர் 24 அன்றுதான். வாடிக்கையாளருக்கு முதலில், ஊழியருக்குப் பிறகு என்ற இந்த வரிசை, சட்டம் எழுதியவர்கள் அறையில் யாரை மனத்தில் வைத்திருந்தார்கள் என்பதைக் காட்டுகிறது.

துணியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சின்னம் பதிப்பது துணியின் வேலையையே பாதிக்கக்கூடியது. 2020 ஜூன் 5 அன்று உலக சுகாதார நிறுவனம் மூன்றடுக்குத் துணிக் கவசத்தைப் பரிந்துரைத்தது: வாயை ஒட்டி ஈரம் உறிஞ்சும் பருத்தி, நடுவில் வடிகட்ட நெய்யாத பாலிபுரொப்பிலின், வெளியே ஈரம் ஒட்டாத பாலியஸ்டர் அல்லது பாலியஸ்டர் கலந்த துணி. நிறுவனங்கள் ஆர்டர் கொடுத்த கவசங்களில் வெளியடுக்கு பெரும்பாலும் பாலியஸ்டராக இருந்ததற்கு இந்தப் பரிந்துரை மட்டுமே காரணமல்ல. பல வண்ணச் சின்னத்தைச் சூட்டில் துணிக்குள் ஏற்றும் சப்ளிமேஷன் அச்சு பாலியஸ்டரில்தான் நன்றாகப் பிடிக்கும். பருத்தியில் ஸ்க்ரீன் பிரிண்டிங் செய்தால் மை ஒரு படலமாகப் படிந்து அந்த இடத்தில் நெசவின் துளைகளை அடைத்துவிடும். மூச்சு அப்போது அடைபடாத ஓரங்களைத் தேடிப் போகும். வாய்க்கு நேரே பெரிய சின்னம் போடாமல் கன்னத்துப் பக்கம் சிறியதாகப் போடுவது அழகுக்காக மட்டுமல்ல, மூச்சுக்காகவும் நல்லது. தரக் கட்டுப்பாட்டைப் பொறுத்தவரை, பிரான்சின் தரநிர்ணய அமைப்பு 2020 மார்ச் இறுதியிலேயே ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் அமைப்பின் எஃப்3502 தரநிலை 2021 பிப்ரவரியில்தான் வந்தது. அதற்குள் முதல் சுற்றுக் கவசங்கள் வாங்கி, விநியோகித்து, பலமுறை துவைத்தும் முடிந்திருந்தன.

உலகத்தின் இந்தத் திடீர்த் தேவை நம்மூர்வரை வந்தது. பனியன் தைத்துக்கொண்டிருந்த திருப்பூர் நிறுவனங்கள் பலவும் 2020இல் முகக்கவசத்துக்கும் மருத்துவப் பாதுகாப்பு உடைக்கும் மாறின. மார்ச்சில் மாஸ்க் ஏற்றுமதிக்குத் தடை போட்ட இந்திய அரசு, மருத்துவம் சாராத துணி மாஸ்க்குகளுக்கு மே நடுவில் அனுமதி கொடுத்தது. வாங்கும் நிறுவனத்தின் சின்னத்தை அச்சிட்டுத் தருவது பனியன் தொழிலுக்குப் பழகிய வேலை. அங்கே தையல் மெஷின் முன் அமர்ந்திருந்தவர்களும் தொற்றுக் காலத்தில் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தவர்களே. ஆனால் முகத்தில் தெரியும் பெயர் வாங்கியவருடையது.

யாருடைய பெயர் என்ற கேள்வி அருங்காட்சியகத்துக்கு உள்ளேயே சிக்கலானது. லண்டனின் தேசிய ஓவியக்கூடம் 2015இல் தன் காட்சிக்கூடக் காவல் பணியில் பெரும்பகுதியை செக்யூரிடாஸ் என்ற தனியார் நிறுவனத்துக்கு மாற்றியது. நூறு நாளுக்கு மேல் வேலைநிறுத்தம் நடந்தும் அது நின்றுவிடவில்லை. 2020 ஜூலை 8 அன்று லண்டனின் பெரிய தேசிய அருங்காட்சியகங்களில் முதலாவதாகத் திறந்ததும் இதே ஓவியக்கூடம்தான். இம்மாதிரி ஏற்பாட்டில் காவலரின் மார்பில் இருக்கும் பெயரும் சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரும் வேறுவேறாக இருக்கலாம். இந்தியாவில் பல அரசு அலுவலகங்களிலும் நினைவிடங்களிலும் ஏஜென்சி மூலம் வரும் காவலர்களையும் துப்புரவுப் பணியாளர்களையும் பார்த்துப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சின்னம் பதித்த கவசத்தை வாங்கித் தருவது யார், ஒருவருக்கு எத்தனை, துவைப்பது யார் பொறுப்பு, காய்ச்சல் வந்து வீட்டில் இருந்தால் அந்த நாள் கூலி உண்டா என்ற எல்லாவற்றுக்கும் பதில் ஒப்பந்தத்தில் இருக்கிறது, முகத்தில் இல்லை.

காற்றைப் பற்றிய ஒரு ஆய்வை இங்கே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. 2021 பிப்ரவரியில் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஹெர்மன் ரீட்ஷெல் நிறுவன ஆய்வாளர்கள் பலவகைப் பொது இடங்களில் தொற்றும் ஆபத்தைக் கணக்கிட்டு ஒப்பிட்டார்கள். ஒரு தொற்றாளர் அங்கே இருந்தால் எத்தனை பேருக்குப் பரவும் என்பது அளவு. கொள்ளளவில் 30 விழுக்காடு மட்டும் நிரம்பி, எல்லோரும் கவசம் அணிந்த அருங்காட்சியகத்துக்கும் நாடக அரங்குக்கும் 0.5 வந்தது. கவசம் அணிந்து போகும் சூப்பர் மார்க்கெட்டுக்கு ஏறத்தாழ 1. உயரமான கூரை, ஓவியங்களுக்காகவே வெப்பமும் ஈரப்பதமும் கட்டுக்குள் இருக்கும் காற்றோட்ட அமைப்பு எல்லாம் அருங்காட்சியகத்துக்குச் சாதகம். திறக்க அனுமதி கேட்ட ஜெர்மன் பண்பாட்டு நிறுவனங்கள் இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வாதிட்டன. வாதம் நியாயமானதே. ஆனால் அந்தக் கணக்கு எடுத்துக்கொண்டது, சில மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியேறும் பார்வையாளரை. கூடத்தின் மூலையில் இருப்பவர் ஒரு ஷிப்ட் முழுவதும் அங்கேயே இருக்கிறார், அடுத்த நாளும் இருக்கிறார். உள்ளிழுக்கும் அளவு நேரத்தோடு பெருகும் நோயில், அவருடைய ஆபத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டு, அதற்கேற்ற கவசத்தை அவருக்குக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கூடத்திலும் ஓவியத்தின் மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸ் அளவில் அளந்து, ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் என்று கூட்டிப் பார்க்கும் நிறுவனங்கள் இவை. நேரம் சேரச் சேரச் சேதம் கூடும் என்பதை அவற்றுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

சின்னம் இன்னொன்றையும் செய்தது: மற்ற வாசகங்களுக்கு இடமில்லாமல் ஆக்கியது. முகம் முதன்முறையாக எழுதக்கூடிய பரப்பாக மாறியது, கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ் பிடியில் கொல்லப்பட்டதை எதிர்த்து அமெரிக்காவில் போராட்டங்கள் நடந்த அதே கோடையில். கறுப்பின உயிர்கள் பொருட்டே என்ற முழக்கத்தை மாஸ்க்கில் அணிந்து வந்த ஹோல் ஃபுட்ஸ் மளிகைக்கடை ஊழியர்கள், சீருடை விதியைக் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மாசசூசெட்ஸில் வழக்குப் போட்டார்கள், இனப் பாகுபாடு என்ற அவர்களின் வாதத்தை 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்கவில்லை. அருங்காட்சியகங்கள் நடுநிலையானவை அல்ல என்ற வாசகத்தோடு டி-ஷர்ட் இயக்கம் 2017இலிருந்தே அமெரிக்க அருங்காட்சியகப் பணியாளரிடையே இருந்தது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பொது நிலைப்பாடுகளை அறிக்கையாக வெளியிட்ட நிறுவனங்கள், தங்கள் பணியாளர் முகத்தில் அதே நிலைப்பாடு வரும்போது என்ன செய்தன என்பது தனியாக ஆராயத் தக்க பொருள். எல்லோருக்கும் ஒரே கவசம் என்ற விதி சமத்துவம் போலத் தோன்றும். பேசும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதையும் அது சேர்த்தே தீர்மானித்துவிடுகிறது.

கடைப் பக்கத்தை விரைவாகக் கடந்துவிடலாம். சீனக் கலைஞர் ஆய் வெய்வெய் 2020 மே மாதம் அச்சிட்ட முகக்கவசங்களை இணையத்தில் விற்று, வந்த 14 லட்சம் டாலரை மனித உரிமை, அகதிகள் நலன், மருத்துவ உதவி அமைப்புகளுக்குக் கொடுத்தார். லாஸ் ஏஞ்சலஸின் சமகாலக் கலை அருங்காட்சியகமான மோகா, யோகோ ஓனோ, பார்பரா க்ரூகர், கேத்தரின் ஓபி உள்ளிட்ட கலைஞர்கள் வடிவமைத்த கவசங்களை அந்தக் கோடையில் விற்பனைக்கு விட்டது. பூட்டிக்கிடந்த நிறுவனத்துக்கு அந்த வருமானம் தேவைப்பட்டது, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே மோகா மார்ச்சில் தன் பகுதிநேரப் பணியாளர் 97 பேரையும் வேலையிலிருந்து நிறுத்தியிருந்தது. காட்சிக்கூட உதவியாளர்களும் கடை ஊழியர்களும் அவர்களில் அடக்கம். நிறுவனத்தின் பெயரை முகத்தில் அணியப் பணம் கொடுத்த பார்வையாளர்கள் இருந்தார்கள். அந்தப் பெயரோடு வாசலில் நிற்க வேண்டியவர்களுக்கு வேலை இல்லை.

இது ஒரு நிறுவனத்தின் கதை அல்ல. 2020 மே மாதம் யுனெஸ்கோவும் உலக அருங்காட்சியகங்களின் கூட்டமைப்பான ஐகோமும் வெளியிட்ட ஆய்வுகளின்படி, உலகின் அருங்காட்சியகங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு, அதாவது 85,000க்கும் மேல், மூடிக்கிடந்தன. ஏறத்தாழ 13 விழுக்காடு இனித் திறக்கவே முடியாமல் போகலாம் என்றும் மதிப்பிட்டார்கள். வருமானம் நின்றபோது முதல் அடி எங்கே விழுந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம் ஏப்ரலில் நிறுத்திய 81 பேரும் பார்வையாளர் சேவையிலும் கடைகளிலும் இருந்தவர்கள். ஆகஸ்ட் 29 அன்று அது மீண்டும் திறக்கும் முன்பே ஏறத்தாழ 2,000 ஆக இருந்த பணியாளர் எண்ணிக்கை 1,600 அளவுக்கு இறங்கியிருந்தது. லண்டனில் டேட் அருங்காட்சியகத்தின் கடைகளையும் உணவகங்களையும் நடத்தும் வணிகப் பிரிவு 313 வேலைகளை நீக்கப்போவதாக அறிவித்தது. ஆகஸ்ட் 18 அன்று பிசிஎஸ் சங்கத்தினர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அரசிடமிருந்து டேட் எதிர்பார்த்த 70 லட்சம் பவுண்ட் உதவியில் பத்தில் ஒரு பங்கை எங்கள் வேலையைக் காக்கச் செலவிடுங்கள் என்பது கோரிக்கை. 42 நாள் நீடித்த போராட்டம் அது.

இந்த வேலைகளுக்கெல்லாம் பொதுவான ஒரு பண்பு உண்டு. அவை முகத்தோடு முகம் பார்த்துச் செய்யும் வேலைகள். வீட்டிலிருந்து செய்ய முடியாதவை. தொற்று ஆபத்து அதிகம் இருந்த அதே இடத்தில்தான் வேலையிழப்பு ஆபத்தும் அதிகம். சின்னம் பதித்த கவசம் தேவைப்பட்டதும் இவர்களுக்கே. மேலாளர் வீட்டில் கணினி முன் அமர்ந்திருந்தார், அவர் முகத்தில் கவசம் வேண்டியிருக்கவில்லை. ஆகவே அந்தத் துணியை எல்லாரையும் ஒன்றாகக் காட்டும் சீருடையாகப் படிப்பது தவறு. யார் வெளியே நிற்க வேண்டியவர், யார் உள்ளே இருக்கலாம் என்ற பிரிவினையின் அடையாளமாகவே அதைப் படிக்க முடியும்.

தொழிற்சங்கங்கள் இதைப் புரிந்துகொண்டன. ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் 2020 ஆகஸ்டில் நடந்த வாக்கெடுப்பில் 181 பேர் சங்கம் வேண்டும் என்றும் 22 பேர் வேண்டாம் என்றும் வாக்களித்தார்கள். முதல் ஒப்பந்தம் கையெழுத்தாக இரண்டு ஆண்டும், 19 நாள் வேலைநிறுத்தமும் தேவைப்பட்டன. 2022 அக்டோபரில் குறைந்தபட்ச மணிக்கூலி 15 டாலரிலிருந்து 16.75 ஆனது, குழந்தை பிறந்தால் சம்பளத்தோடு நான்கு வார விடுப்பு கிடைத்தது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம், நியூயார்க்கின் விட்னி என்று அடுத்தடுத்துச் சங்கங்கள் உருவாயின. அருங்காட்சியக வேலை கூலியைவிடப் பெருமைக்காகச் செய்வது என்ற எண்ணத்தை உடைத்ததில் அந்தக் கோடைக்குப் பெரும்பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். நிறுவனத்தின் பெயரை முகத்தில் சுமந்தவர்கள், அந்தப் பெயர் பதிலுக்கு எதைச் சுமக்கிறது என்று கேட்டார்கள்.

துணிக் கவசத்தின் காலம் அறிவியல் நோக்கில் விரைவில் முடிந்தது. ஒமிக்ரான் பரவிய 2022 ஜனவரியில், தளர்வாக நெய்த துணியே கவசங்களில் மிகக் குறைந்த பாதுகாப்பைத் தரும் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் தன் வழிகாட்டலைத் திருத்தியது. அதே மாதம் 40 கோடி என்95 கவசங்களை இலவசமாக வழங்கப்போவதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. சின்னம் பதித்த துணிகள் இழுப்பறைக்குள் போயின. சில, சேகரிப்புப் பிரிவுக்குப் போயிருக்கும்.

இங்கேதான் அருங்காட்சியகத்தின் சொந்த வேலை தொடங்குகிறது. தொற்று நடந்துகொண்டிருக்கும்போதே அதன் பொருள்களைச் சேகரிக்கும் முயற்சிகள் பல நாடுகளில் தொடங்கின. லண்டன் அருங்காட்சியகம் 2020 ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டது. மெல்பர்னில் மியூசியம்ஸ் விக்டோரியா ‘கலெக்டிங் த கர்வ்’ என்ற பெயரில் அதைச் செய்தது. மெல்பர்ன் இதற்கு மிகப் பொருத்தமான ஊர். 2020 ஜூலை 22 நள்ளிரவு முதல் அங்கே வீட்டை விட்டு வெளியே வருகிற எவரும் முகத்தை மூட வேண்டும், தவறினால் 200 டாலர் அபராதம். மியூசியம்ஸ் விக்டோரியாவின் பராமரிப்பில் உள்ள ராயல் எக்ஸிபிஷன் பில்டிங் 1880இல் உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்டது, 1901இல் ஆஸ்திரேலியாவின் முதல் கூட்டாட்சி நாடாளுமன்றத்தின் திறப்பு விழா அங்கே நடந்தது. 1919 இன்ஃபுளுவென்சாக் கொள்ளைநோயில் அது அவசர மருத்துவமனையாகி 4,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஏற்றது. 2021இல் பெருந்திரள் தடுப்பூசி மையமானது. ஒரே கூரையின் கீழ் ஒரு நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு தொற்றுகள். 1919இல் அங்கே வேலை பார்த்த செவிலியரின் அன்றாடத்தைத் தேடும் ஆய்வாளர்களுக்குப் புகைப்படங்கள் கிடைக்கின்றன. துப்புரவு செய்தவர், துணி துவைத்தவர் பற்றிக் கிடைப்பது மிகக் குறைவு. அதே குறையை 2020இன் பதிவிலும் விட்டுவைக்கக் கூடாது.

எப்படிச் சேகரிக்கலாம் என்பதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 2020 டிசம்பர் 14 அன்று அமெரிக்காவில் சோதனைகளுக்கு வெளியே முதல் தடுப்பூசிகளில் ஒன்றைப் போட்டுக்கொண்ட நியூயார்க் செவிலியர் சாண்ட்ரா லிண்ட்சேயின் பொருள்களை ஸ்மித்சோனியனின் தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் பெற்றது. காலி மருந்துக் குப்பியை மட்டும் வாங்கிக்கொள்ளாமல் அவருடைய சீருடையையும் பணியிட அடையாள அட்டையையும் சேர்த்தே பெற்றது. அதனால் அந்தக் குப்பியை நூறு ஆண்டுக்குப் பின் பார்ப்பவருக்கும் அதன் பின்னால் ஒரு வேலையும் ஒரு பெண்ணும் தெரிவார்கள். தன் பணியாளரின் கவசத்தைச் சேகரிக்கும் அருங்காட்சியகம் பெரும்பாலும் செய்யக்கூடிய தவறு, புத்தம்புதிதாக உறையில் இருக்கும் ஒன்றை அலுவலக அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்வது. அப்படி எடுத்தால் பதிவேட்டில் நிறம், அளவு, சின்னம், தயாரிப்பாளர் என்று நான்கு வரி எழுதலாம், அதோடு சரி. அணிந்த கவசத்தில் காதோரம் தளர்ந்த எலாஸ்டிக்கும், மூக்குக் கம்பியின் வளைவும், துவைத்துத் துவைத்து வெளிறிய சின்னமும், உள்பக்கத்தில் ஒப்பனைக் கறையும் இருக்கும். துணிப் பாதுகாப்பு வல்லுநர்கள் கறையைச் சான்றாகக் கருதிப் பழகியவர்கள். ஒருமுறை வெளுத்தால் அது திரும்ப வராது. ஆகவே துவைப்பதா வேண்டாமா என்பதைக் கொடுத்தவரிடம் கேட்டு, காரணத்தோடு எழுதிவைக்க வேண்டும்.

பொருளின் ஆயுளும் அவசரப்படுத்துகிறது. பருத்தி ஒழுங்காக வைத்தால் நூற்றாண்டுகள் நிற்கும். காதில் மாட்டும் எலாஸ்டிக்கில் உள்ள ரப்பரும் எலாஸ்டேனும் அப்படியல்ல, காற்றும் ஈரமும் பட்டுச் சில பத்தாண்டுகளில் நெகிழ்ச்சியை இழந்து உதிரத் தொடங்கும். நடு அடுக்கின் பாலிபுரொப்பிலின் வெளிச்சத்தில் நொறுங்கும். கவசத்தை முகத்தோடு பிடித்துவைத்திருந்த பகுதிதான் முதலில் அழியப்போகிறது. அது எவ்வளவு இறுக்கமாக இருந்தது, எட்டு மணி நேரம் கழித்துக் காதுக்குப் பின்னால் எப்படி வலித்தது, உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் காது கேளாத பார்வையாளரிடம் அவர் எப்படிப் பேசினார் என்பதைத் துணியிலிருந்து படிக்க முடியாது, அணிந்தவரைத்தான் கேட்க வேண்டும். எத்தனை கவசம் கொடுத்தார்கள், யார் பணத்தில், எந்த ஒப்பந்தத்தின் கீழ் அவர் வேலை பார்த்தார், அந்த ஆண்டு முடியும்போது வேலையில் இருந்தாரா என்பவையும் அதே பதிவேட்டில் சின்னத்தின் வர்ணனைக்குப் பக்கத்திலேயே ஏற வேண்டும். இந்தத் தகவல்கள் இன்று மனிதவளப் பிரிவின் கோப்புகளிலும், ஏஜென்சிகளின் வருகைப் பதிவேடுகளிலும், சங்கங்களின் கடிதங்களிலும் கிடக்கின்றன. சேமிக்கும் காலக்கெடு முடிந்ததும் அழித்துவிடும் வகைக் காகிதங்கள் அவற்றில் பல. 2020இல் நிறுத்தப்பட்டவர்கள் வேறு ஊருக்கும் வேறு வேலைக்கும் போய்விட்டார்கள். வாய்மொழி வரலாற்றுக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு கிளம்பும் காப்பாட்சியர்கள், இன்னும் பணியில் இருப்பவர்களிடம் போகும் முன் இவர்களைத் தேடிப் போகட்டும். பேட்டிக்கு வரும் நேரத்துக்கு அவர்களுக்குக் கூலியும் கொடுக்கட்டும்.